வெள்ளத்திலும் 22 ரூபாய்க்கே பால் கொடுத்த மடிப்பாக்கம் மளிகைக் கடை

2023 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். அரை லிட்டர் ஆவின் பச்சைப் பாக்கெட் ஒன்றுக்கு 80 ரூபாய் கொடுத்தேன். பாக்கெட்டில் 22 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. மறுநாள் காலை அதே பச்சைப் பாக்கெட்டை அதே தெருவில் 22 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது கடையைப் பற்றியது. முதல் கடையைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்குப் பெயர் தேவையில்லை.

மிக்ஜாம் புயல் மழை ஞாயிறு இரவு பிடித்துத் திங்கள் முழுக்க விடவில்லை. திங்கள் விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. மடிப்பாக்கத்தில் மழைத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கித்தான் போக வேண்டும், அங்கே நிரம்பிவிட்டால் தெருவிலேயே நிற்கும். திங்கள் சாயங்காலம் எங்கள் மாடிப்படியின் மூன்றாவது படி முழுகிவிட்டது. கீழ் வீட்டுக்காரர்கள் ஐந்து பேரும் மேலே எங்களோடு வந்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பது பேர், அதில் கீழ் வீட்டு அக்காவின் பேரனுக்கு இரண்டு வயது. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டதால் வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. போனில் சிக்னல் இல்லை. எல்லாரிடமும் சேர்த்துக் கையில் இருந்த ரொக்கம் 1,140 ரூபாய். அந்தத் தொகை இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அடுத்த மூன்று நாள் அதை எண்ணி எண்ணித்தான் செலவு செய்தோம்.

செவ்வாய் காலை மழை விட்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பெரிய கடைக்குப் போனேன். மேட்டில் இருக்கும் கடை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை, வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பால் 80. பத்து ரூபாய் மெழுகுவத்தி 30. நாற்பது ரூபாய் பிரெட் 70. தண்ணீர் கேன் 150. "22 போட்டிருக்கே" என்று பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். "இன்னிக்கு ரேட்டு இதுதான், வேணும்னா எடுங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். பில் கேட்டேன், மெஷின் ஓடவில்லை என்றார். இரண்டு பால், நான்கு மெழுகுவத்தி, ஒரு பிரெட் வாங்கினேன். 350 ரூபாய். அச்சிட்ட விலைக்கு வாங்கியிருந்தால் 124 தான் ஆகியிருக்கும்.

எனக்குப் பின்னால் பக்கத்துக் கட்டட வேலையிடத்து வாட்ச்மேன் நின்றிருந்தார். ஒரு பாலும் இரண்டு மெழுகுவத்தியும் எடுத்து வைத்திருந்தார். விலையைக் கேட்டதும் நனைந்த நூறு ரூபாய் நோட்டை ஒருமுறை விரித்துப் பார்த்தார். மெழுகுவத்திகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அன்று நான் கொடுத்த பணத்தைவிட அதுதான் என் மனதை இன்றுவரை அறுக்கிறது. அவரும் அதே கடையில் மூன்று வருடமாகச் சாமான் வாங்குகிறவர்.

இப்போது அண்ணாச்சி கடைக்கு வருகிறேன்.

தெருவின் தாழ்ந்த முனையில், ஒற்றை ஷட்டர், நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. திங்களன்று அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர். அண்ணாச்சியும் அவருடைய அக்கா மகனும் ராத்திரி முழுக்க அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியும் கீழே இருந்த இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி சோப்பும் வீணாகிவிட்டன. நஷ்டம் என்று பார்த்தால் அவருக்குத்தான் நஷ்டம். செவ்வாய் முழுவதும் கடையைக் கழுவினார்கள். புதன் காலை பால் வண்டி தெருவுக்குள் வர முடியாது என்று தெரிந்ததும், விடிவதற்கு முன்பே மீன்பாடி வண்டியை, அதாவது மூன்று சக்கரச் சுமை வண்டியை, தள்ளிக்கொண்டு மேடவாக்கம் மெயின் ரோடு வரை போய்ப் பால் டப்புகளை ஏற்றி வந்தார்கள்.

ஆறு மணிக்குக் கடை வாசலில் அறுபது எழுபது பேர். அண்ணாச்சி ஒரு கோடு போட்ட நோட்டைக் கல்லா மேல் விரித்து வைத்திருந்தார். இடது பக்கம் வீட்டு எண், அடுத்துப் பால், அடுத்து மெழுகுவத்தி, கடைசியில் காசு கொடுத்தாச்சா இல்லையா என்று ஒரு டிக். பேனா நனைந்து எழுதாமல் போனதால் பாதிப் பக்கத்துக்கு மேல் பென்சில். வீட்டுக்கு இரண்டு பால், நான்கு மெழுகுவத்தி. என் முறை வந்தபோது, மேலே ஒன்பது பேர் இருக்கிறோம், சின்னப் பையன் ஒருத்தன் இருக்கிறான் என்றேன். "கைப்பிள்ள இருக்க வீட்டுக்கு மூணும்மா" என்று மூன்றாவது பாக்கெட்டை எடுத்து வைத்தார். விலை கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. "என்ன போட்டிருக்கோ அதாம்மா. எனக்கு வந்த ரேட்டு மாறலல்ல, நான் எப்படி மாத்த?" என்றார்.

வரிசையில் ஒருவர் முன்னால் வந்து, பாக்கெட்டுக்கு ஐம்பது தருகிறேன், இருபது பாக்கெட் வேண்டும் என்றார். அண்ணாச்சி நோட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "வீட்டு நம்பர் சொல்லுங்க சார், ரெண்டு தாரேன்."

காசு இல்லாதவர்களுக்கும் கொடுத்தார், டிக் மட்டும் போடவில்லை. சிக்னல் வந்த பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எத்தனை பேர் கொடுக்காமல் விட்டார்கள் என்று கேட்டேன், அதை அவர் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி கடையிலும் தண்ணீர் கேனுக்கு அன்று கூடுதலாகத்தான் வாங்கினார்கள். கடை வாசலில் சிலேட்டில் எழுதியே வைத்திருந்தார்: கேன் 35, தூக்குக் கூலி 20. அந்த இருபதும் இடுப்பளவு தண்ணீரில் தோளில் சுமந்து மாடி ஏறிய பையனுக்குப் போனது. நானே கடையில் வந்து எடுத்துக்கொண்டால் 35 தான். இதை யாரும் கொள்ளை என்று சொல்ல மாட்டார்கள். உழைப்புக்குக் கூலி, கண்ணுக்குத் தெரிகிற செலவு. பெரிய கடையில் 22 எப்படி 80 ஆனது என்று அப்படி எழுதி வைக்க முடியுமா?

விலையை ஏற்றினால்தான் ஒருவரே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் இருப்பார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் கணவரே அப்படித்தான் முதலில் சொன்னார். ஆனால் அந்த வாரம் ஏடிஎம் ஓடவில்லை, ஜீபே ஓடவில்லை. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 17க்கு மேல்தான். ஆக, 80 ரூபாய் விலையில் பால் போய்ச் சேர்ந்தது பீரோவில் ரொக்கம் வைத்திருந்தவர் வீட்டுக்கு. குழந்தை இருக்கிற வீடா என்று அந்த விலை கேட்கவில்லை. வாரிக்கொண்டு போவதைத் தடுக்க ஒரு கோடு போட்ட நோட்டு போதுமாக இருந்தது. புதன் காலை ஒன்பது மணிக்கு அண்ணாச்சி கடையில் பால் தீர்ந்தபோது, எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் பால் கிடைக்காத வீடு இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் விற்கக் கூடாது. புயலுக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. சாதாரண நாளில் 'கூலிங் சார்ஜ்' என்று பாலுக்கு இரண்டு ரூபாய் கூட வாங்குகிறார்களே, அதுவும் தப்புதான். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

நான் சொன்னேன். சிக்னல் வந்ததும் சொன்னேன். கையில் பில் இல்லை, ரொக்கமாகக் கொடுத்ததால் வங்கிக் கணக்கிலும் தடயம் இல்லை. இருந்தது ஒரு காலிப் பால் கவர். கழுவி, சமையலறைச் சுவர் டைல்ஸில் ஒட்டிக் காய வைத்திருந்தேன். அதில் 22 என்று இருக்கிறது, நான் 80 கொடுத்தேன் என்று அதில் எங்கும் இல்லை. புகார் அதோடு நின்றுவிட்டது. அடுத்த முறை இப்படி நடந்தால் விலை கேட்கும்போதே போனில் வீடியோ எடுங்கள், பொருளும் பின்னால் கடையும் சேர்ந்து தெரிகிற மாதிரி. சிக்னல் இல்லாவிட்டாலும் கேமரா வேலை செய்யும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அந்தப் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு ஊர் ஏரல் பக்கம். கடை பூட்டிக் கிடந்தது. பூட்டுவதற்கு முந்தின நாள் ஒரு லோடு வண்டியில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், பால்பவுடர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து முப்பது வீட்டுக்கு மேல் ஏதாவது ஒன்று கொண்டுவந்து அந்த வண்டியில் வைத்தோம். அந்த வாட்ச்மேன் ஒரு பெட் ஷீட் கொண்டுவந்தார், புதுசு, கவர் கூடப் பிரிக்காதது.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் சொன்னார்களே, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அப்போது மறுபடி இரண்டு கடைகளையும் பார்த்தேன். பெரிய கடையில் இந்த முறை அச்சிட்ட விலைதான். ஆனால் கேட்டவர்களுக்குக் கேட்ட அளவு கொடுத்துவிட்டார்கள், மதியமே பிரெட்டும் பாலும் காலி. அண்ணாச்சி கடையில் மழை தொடங்குவதற்கு முன்பே நோட்டு கல்லா மேல் வந்துவிட்டது.

சரி, கடையைப் பற்றி மற்ற விவரங்கள். இட்லி அரிசியும் நாட்டுச் சர்க்கரையும் நன்றாக இருக்கும். கருப்பட்டி ஊரிலிருந்து வருகிறது, தை மாதத்தில் கேட்டு வைத்தால் எடுத்து வைப்பார். புளி எனக்குத் திருப்தியில்லை, கொட்டை அதிகம், அவரிடமே சொல்லியிருக்கிறேன். கறிவேப்பிலை எட்டு மணிக்கு மேல் கிடைக்காது. கார்டு கிடையாது, ஜீபே உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. பால் காலை ஐந்தரைக்கு வந்துவிடும், 22 ரூபாய் என்றால் 22தான், சில்லறை கொண்டுபோங்கள்.