மணலியிலிருந்து மணாலிக்கா, ஸ்ரீநகருக்கா?

ஞாயிறு காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்களோடு சைக்கிள் மிதிக்கிறவர்களில் பலருக்கு லடாக்கின் லே நகருக்குச் சைக்கிளிலேயே போகும் ஆசை இருக்கிறது. வீடு மணலியில், கனவு மணாலியில். ஆனால் லேவுக்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து ரோதாங் கணவாய் வழியாக ஏறக்குறைய 470 கிலோமீட்டர், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 420. இரண்டிலும் போய் வந்திருக்கிறேன். நம்மைப் போலக் கடலோரத்தில் வாழ்கிறவர்கள் முதல் முறை ஸ்ரீநகர் வழியாகத்தான் போக வேண்டும்.

காரணம் ராத்தூக்கம். எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் உடம்புக்கு முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்குமிடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலையேறிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

மணாலி வழி இந்த விதிக்கு இடமே கொடுக்காது. 3,200 மீட்டர் அளவில் இருக்கும் ஜிஸ்பாவுக்கு அப்புறம் பாரலாச்சா லா ('லா' என்றால் கணவாய்), கிட்டத்தட்ட 4,890. அதைக் கடந்தால் கூடாரம் கிடைக்கிற சர்ச்சு 4,290. பிறகு 21 கொண்டை ஊசி வளைவுகள், 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா, ராத்தங்கல் பாங்கில், சுமார் 4,600. அங்கே ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும் முற்றினால் உடனே கீழே இறக்க வேண்டும். லே பக்கம் போனாலும் மணாலி பக்கம் போனாலும் முதலில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்க முடியும். எனக்கு இந்த ஒன்றே போதும்.

என்னோடு வந்த தண்டையார்பேட்டைத் தம்பி ஞாயிறுகளில் எங்கள் எல்லோரையும் முந்துகிறவன். சர்ச்சுவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தான். "அண்ணே, படுத்தா மூச்சு முட்டுது" என்றான். விடிந்ததும் லாரி பிடித்து, பாரலாச்சாவைத் திரும்பக் கடந்து கேலாங்கில் சேர்த்தோம். கால் பலம் மலைநோயைத் தடுக்காது. வேகமாக ஏறுகிறவன் சீக்கிரமே உயரத்தில் போய்ப் படுத்துவிடுகிறான், அவ்வளவுதான்.

ஸ்ரீநகர் 1,585 மீட்டரில் தொடங்குகிறது. சோனமர்க்கில் ஒரு ராத்திரி, மறுநாள் 3,528 மீட்டர் சோஜி லா, தூக்கம் 3,280 மீட்டர் திராஸில். அதற்கடுத்த கார்கில் 2,676 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. உடம்பு தேற அதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. கடைசி உச்சமான ஃபோட்டு லாவே 4,108தான். வழியெல்லாம் ஊர்கள், சூடான சாப்பாடு.

குறைகளும் உண்டு. சோஜி லாவில் சேறு, லாரி நெரிசல், ராணுவ வாகன வரிசைகள். கிளம்பும் முன் பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரிக்க வேண்டும். மணாலி வழியில் வரும் மோரே சமவெளியின் அந்தத் தனிமை இந்த வழியில் கிடைக்காது, அது எனக்கே ஏக்கம்தான். உயரம் பார்க்கத் துடிக்கிறவர்கள் லேயில் இரண்டு நாள் இருந்துவிட்டு, 40 கிலோமீட்டரில் இருக்கிற 5,359 மீட்டர் கர்துங் லாவுக்கு ஏறி, அன்றே திரும்பி லேயில் தூங்கலாம்.

சரி, இங்கே எதில் பழகுவது? மூலக்கடை மேம்பாலத்தைத் திரும்பத் திரும்ப ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஏற்றம் மூச்சு வாங்குமுன் முடிந்துவிடும், சோஜி லா மணிக்கணக்கில் விடாது. மாலையில் எண்ணூரிலிருந்து காசிமேடு பக்கமாகக் கடல்காற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் நிற்காமல் மிதிப்பதே மேல். கன்டெய்னர் லாரிகள் அதிகம், பின்விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

இறக்கத்துக்கு மட்டும் ஏலகிரி போயே ஆக வேண்டும். ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள். லேவுக்கு எடுத்துப் போகிற மூட்டை முழுவதையும் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் பிரேக் எவ்வளவு சூடாகிறது, பாரத்தோடு வண்டி எப்படி இழுக்கிறது என்று தெரியும். நான் முன்சக்கர பிரேக் பேடுகளை மாற்றி, ஒரு சைஸ் பெரிய டிஸ்க்கும் போட்டது அங்கே இறங்கிய பிறகுதான். மாற்று பேடுகள் இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். கார்கிலுக்கும் லேவுக்கும் நடுவில் தேடிக் கொண்டிருக்க முடியாது.