மேக்கர்ஸ்பேஸில் மண்பாண்டக் கூடம்: மின்சூளையா, எரிவாயுச் சூளையா, விளாச்சேரிச் சூளையா?

மதுரையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மேக்கர்ஸ்பேஸில், அதாவது செலவைப் பகிர்ந்துகொண்டு கருவிகளைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் கூட்டுப் பட்டறையில், மரவேலைப் பிரிவும் முப்பரிமாண அச்சுப்பொறிகளும் லேசர் வெட்டுப்பொறியும் உள்ளன. மண்பாண்டக் கூடமும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததிலிருந்து உறுப்பினர்களின் பேச்சு மூன்று வழிகளைச் சுற்றியே நடக்கிறது. மின்சூளை வாங்குவது ஒன்று. முற்றத்தில் எரிவாயுச் சூளை கட்டுவது இன்னொன்று. சூளையே இல்லாமல் இங்கு வனைந்து, மண்பொம்மை செய்யும் குடும்பங்கள் வாழும் விளாச்சேரியில் சுட்டுக்கொள்வது மூன்றாவது. இம்மூன்றையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது தவறு என்று நான் கருதுகிறேன். எந்த மண்ணில் வனையப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால், சூளை பற்றிய வாதத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

நம் கண்மாய்களிலும் வைகைக் கரையிலும் கிடைக்கும் களிமண்ணில் இரும்புச்சத்து மிகுதி. ஏறத்தாழ 900 முதல் 1,050 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அது உறுதியான செந்நிற ஓடாகிறது. 1,200 டிகிரியை நெருங்கினால் இத்தகைய மண் பெரும்பாலும் உப்பும், சாயும், சில வேளைகளில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோன்வேர் எனப்படும் கல்மண் வகையோ பெரும்பாலும் 1,200 டிகிரிக்கு மேல்தான் முதிர்ச்சி அடைகிறது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியாகக் கல்மண் கலை அங்கு வேரூன்றியது. அந்த அழகை இங்கும் கொண்டுவர வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆயினும் அதற்கான மண்ணை வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைக்க வேண்டும். கீழடியின் ஓடுகள் கிடைத்த இடத்திலிருந்து சில மைல் தொலைவில் இருந்துகொண்டு, புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, பயிற்சிக்குக்கூட மண்ணை விலைக்குத் தருவிப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

எரிவாயுச் சூளையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் பெருமை, சூளைக்குள் ஆக்சிஜனைக் குறைத்துச் சுட முடிவதுதான். செம்பிலிருந்து பிறக்கும் சிவப்பும், செலடான் என்னும் பசுமை கலந்த நீலமும் அந்த முறையில் சிறப்பாக வருகின்றன. அதே முறையில் கார்பன் மோனாக்சைடும் வெளியேறுகிறது. மரத்தூள் குவியும் பட்டறைக்கு அருகில் எரிவாயு உருளைகளை வரிசையாக நிறுத்தி, மணிக்கணக்கில் சுடரைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு முறையும் தேடுவது, வேலை நாளின் மாலையில் வந்து போகும் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்புக்கு ஒத்துவராது. ஆக்சிஜன் குறைந்த சுடுதலுக்கு எரிவாயுவே வழி என்ற வாதமும் நிற்காது: கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பாண்டங்களில் உட்புறம் கருத்திருப்பதற்குக் காரணம், கலங்களைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டதால் உள்ளே காற்று புகாமல் போனதே என்று பொதுவாக விளக்கப்படுகிறது.

விளாச்சேரி வழிதான் மனத்துக்கு மிக நெருக்கமானது. திருப்பரங்குன்றத்துக்கு அருகிலுள்ள அவ்வூரில் கொலு பொம்மையும் விநாயகர் சிலையும் கிறிஸ்துமஸ் குடில் உருவங்களும் செய்யும் குடும்பங்களின் கைப்பழக்கம், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது. விறகும் வைக்கோலும் அடுக்கி மண் பூசிய சூளையில் வெப்பம் எந்த மூலையில் கூடும் என்பதை அளவுமானி இன்றியே அறிந்தவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். இவ்வழியில் எங்களுக்கு மின் இணைப்பும் முதலீடும் தேவையில்லை. இருப்பினும் மூன்று இடர்ப்பாடுகள் உண்டு. சுடாத பச்சைக் கலத்தை இருசக்கர வண்டியில் கொண்டு போனால் விளிம்பு உடையாமல் போய்ச் சேர்வது அரிது. விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முந்தைய மாதங்கள் அவர்களுக்குச் சம்பாத்தியக் காலம். எங்கள் கோப்பைகளுக்காக அவர்கள் சூளையில் இடம் ஒதுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று, ஐப்பசி மழையிலோ திறந்த சூளை மூட்டுவதே கடினம். மூன்றாவதாக, இச்சூளையில் வெப்பம் ஒரே சீராக நிற்பதில்லை என்பதால், கண்ணாடிபோல் உருகிக் கலத்தின் மேல் படியும் கிளேஸ் பூச்சைச் சுட இயலாது. பூச்சில்லாத மண்ணில் நீர் கசிவது தண்ணீர்ப் பானைக்குச் சிறப்பு. காபிக் கோப்பைக்கு அதுவே குறை.

மின்சூளை இந்தக் குறையைத் தீர்க்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியில் வெப்ப ஏற்றத்தை எழுதிவிட்டால், களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் திடீரென விரிவடையும் 573 டிகிரியை அது நிதானமாகக் கடக்கும். நாட்டு மண்ணுக்கேற்ற, ஈயம் சேராத கிளேஸை 1,050 டிகிரியளவில் சுடலாம். எட்டுக் கிலோவாட் சூளை ஒருமுனை இணைப்பில் சுமார் 35 ஆம்பியர் இழுக்கும். மும்முனையில் ஒவ்வொரு முனைக்கும் 12 ஆம்பியர் அளவோடு நிற்கும். எட்டு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 64 யூனிட்டுக்கு மேல் ஆகாது; கம்பிச்சுருள்கள் விட்டுவிட்டு எரிவதால் உண்மைச் செலவு அதைவிடக் குறைவாகவே இருக்கும். குறைந்த வெப்பத்தில் சுடுவதால் அச்சுருள்கள் நீண்ட நாள் உழைக்கும் என்பது, நாட்டு மண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்குக் கிடைத்த இன்னொரு காரணம். சுடும்போது நடுவில் மின்சாரம் தடைப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவியா என்பதைக் கேட்டே வாங்க வேண்டும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒன்றை எவரும் பேசவில்லை என்பதே என் பெருங்கவலை. காய்ந்த களிமண்ணின் தூசியில் இருக்கும் நுண் சிலிக்கா, ஆண்டுக்கணக்கில் மூச்சோடு சென்றால் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரும்; அதே தூசி அச்சுப்பொறியின் தண்டுகளிலும் லேசரின் லென்ஸிலும் படியும். ஆகவே கூடத்துக்குத் தனிச் சுவரும் தனிக் கதவும் வேண்டும், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், கழுவும் நீர் மூன்று வாளிகளில் அடுத்தடுத்துத் தெளிந்த பிறகே சாக்கடைக்குப் போக வேண்டும். சித்திரை வெயிலில் இங்கு கலம் ஒரே பகலில் காய்ந்து விரிசல் விடும் என்பதால், ஈரச் சாக்கு போர்த்திய, காற்றுப் படாத அலமாரிக்கும் இடம் தேவை. சூளைக்கு ஆகும் பணத்தைவிட இந்த அறைக்குச் செலவிடும் பணமே முந்த வேண்டும்.

எனவே நான் முன்மொழிவது இதுதான். முதல் ஆறு மாதங்கள் மேலே சொன்ன தனி அறையும் வனைவதற்கு இரண்டு சக்கரங்களும் மட்டும் போதும். சுடுவதற்கு, திருவிழாக் காலம் தவிர்த்து, உரிய கூலியைப் பேசிக் கொடுத்து விளாச்சேரிக்குப் போவோம். வனையக் கற்பிக்கவும் அங்குள்ளவர்களையே ஊதியத்தோடு அழைப்போம். அதற்குப் பிறகும் வாரந்தோறும் சக்கரத்தில் உட்காருபவர்கள் பத்துப் பேராவது எஞ்சியிருந்தால், மரவேலைப் பிரிவிலிருந்து விலகிய பின்முற்றக் கொட்டகையில் மின்சூளையை நிறுவலாம். சுடும் நாளில் பொறுப்பேற்பவர் எவர், மறுநாள் நூறு டிகிரிக்குக் கீழே ஆறும் வரை கதவின் சாவி எவரிடம் இருக்கும் என்பவை எழுத்தில் முடிவான பின்னரே அதற்கு முன்பணம் கட்ட வேண்டும்.