பார்க்கிங் கோடு நாமே போட: எனாமலா, ரோடு மார்க்கிங் பெயின்டா, எபாக்சியா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் பார்க்கிங் கோடு என்றதும் பலரும் வாங்கி வருவது கிரில் கேட்டுக்கு அடிக்கும் வெள்ளை எனாமல். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சிமென்ட் தரைக்கு அது வேண்டவே வேண்டாம். சிமென்டின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். அடியில் ஈரமும் ஏறினால், ஓடி வந்த காரின் சூடான டயரோடு கோடு உரிந்து வந்துவிடும்.

வெயிலும் மழையும் படும் இடத்துக்கு ரோடு மார்க்கிங் பெயின்ட்தான் சரி. டப்பாவில் அக்ரிலிக் அல்லது குளோரினேட்டட் ரப்பர் என்று இருக்கிறதா பாருங்கள். அல்கைட் என்றிருந்தால் அது எனாமலுக்குப் பங்காளி.

பேஸ்மென்ட்டுக்கு எபாக்சியை மிஞ்ச ஒன்றுமில்லை, டயர் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். வெயில் பட்டால் மட்டும் மஞ்சளித்து மாவு பூக்கும். எபாக்சி, பெயின்ட் ஒன்றும் அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்றுமாக இரண்டு டப்பாவில் வரும். இரண்டையும் ஒரே தடவையில் முழுசாகக் கலக்காமல், அப்போதைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்; நம் ஊர் வெக்கையில் சீக்கிரமே இறுகிவிடும். நெடுஞ்சாலையில் போடும் தெர்மோபிளாஸ்டிக்கை 180 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். அது ஆள் வைத்துச் செய்யும் வேலை.

எதை வாங்கினாலும் கோட்டின் ஆயுள் தரையில்தான் இருக்கிறது. புது கான்கிரீட் என்றால் 28 நாள் பொறுங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள்; காலையில் அடியில் நீர் முத்துகள் இருந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள். சிமென்ட் பால் மினுங்கும் வழவழப்பான தரையைக் கிரைண்டரால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். எண்ணெய்க் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பத்து காருக்குப் பதினொரு கோடு, அதாவது 55 மீட்டர். கோட்டின் அகலம் 10 செ.மீ. என்று வையுங்கள். மொத்தக் கோடுகளுக்கும் இரண்டு கை அடிக்க சுமார் 2 லிட்டர் போதும். மூலைமட்டத்துக்கு 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போடுங்கள். ஒவ்வொரு அளவையும் முதல் கோட்டிலிருந்தே எடுங்கள். பக்கத்துக் கோட்டிலிருந்து அளந்தால் பிசகு கூடிக்கொண்டே போகும்.

தரையில் கோடு போட சாதாரண ஸ்பிரே கேனைக் கவிழ்த்தால் வெறும் வாயுதான் வரும், பிசிறு பக்கத்து வண்டியிலும் படியும். மாஸ்கிங் டேப்பும் 4 அங்குல ரோலருமே மேல். கடைசிக் கை ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். காய்ந்தபின் இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும். ரோடு பெயின்ட் என்றால் ஓர் இரவு, எபாக்சி என்றால் ஏழு நாள் கழித்து வண்டியை ஏற்றுங்கள்.