திருமங்கலம் பக்கத்துக் கால்நடை மருந்துக் கடை: கோழித் தடுப்பூசிக்கு நம்பிப் போகலாம், கோழி மட்டும் வாங்க வேண்டாம்

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய்க்கான தடுப்பூசி கிடைப்பதைவிட, அது குளிர் குறையாமல் வீடு வந்து சேர்வதே பெரும்பாடு. திருமங்கலத்தை அடுத்த இச்சிறு கடையில் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதைக் குளிர்பெட்டியின் வெப்பமானியில் நாமே பார்த்துக்கொள்ளலாம். வாங்கியதும் ஐஸ்கட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்து, கரைத்த மருந்தை வெயிலில் வைக்காமல் உடனே போட்டு முடிக்கும்படி சொல்லித்தான் அனுப்புகிறார்கள். குஞ்சுக்கு 7ஆம் நாள் லசோட்டா என்னும் தடுப்பு மருந்துச் சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி என்னும் அட்டவணையும் எழுதித் தருகிறார்கள். ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும் என்பதால், பத்துக் கோழி வைத்திருப்பவரை அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரே நாளில் போடச் சொல்வது மிக நல்ல யோசனை. தெருவில் ஒரு வீடு விடுபட்டாலும் நோய் அங்கிருந்து நுழையும்.

ஆனால் அதே வாசலில் பல சந்தைகளிலிருந்து வந்த கோழிகளை ஒரே கூண்டில் அடைத்து விற்பதை ஏற்க இயலவில்லை. நோய் வெளியே தெரியாத கோழியும் எச்சத்தின் வழியே கிருமியைப் பரப்பக்கூடும். கூண்டைத் தொட்ட கையும் செருப்புமே அதை வீட்டுக்குக் கொண்டுவரப் போதும். அங்கே கோழி வாங்கியவர்கள் இரண்டு வாரமாவது தனியே அடைத்து வையுங்கள்.