மலையில் துரு எடுக்க எது சரி: சாண்ட் பிளாஸ்டிங்கா, கிரைண்டரா, அமிலமா?

அப்பா ஓட்டிய பிக்கப் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நாலு மழைக்காலம் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் பல வருசம் கேரட் சுமந்த வண்டி. கேரட்டைக் கழுவி ஈரத்தோடுதான் மூட்டை பிடிப்போம். மேட்டுப்பாளையம் மண்டி போய்ச் சேரும்வரை பின் பாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது உர மூட்டை. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. அது சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால், கடற்கரையில் ஓடும் வண்டியைத் தின்கிற துரு மலையிலும் தின்னும். தரைத் தகரம், கதவுகளின் அடிவிளிம்பு, கேபின் படி எல்லாம் போயிருந்தன.

துரு எடுக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். சுத்தம் செய்த இரும்பு, பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு) ஏறும்வரை எவ்வளவு நேரம் வெறுமையாக நிற்கும்? சமவெளியில் ஒரு ராத்திரி தாங்கும். இங்கே மூடுபனி இறங்கினால் சாயங்காலத்துக்குள் கதை முடிந்துவிடும்.

சாண்ட் பிளாஸ்டிங் என்பது மணல் போன்ற துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை எடுப்பது. சுத்தத்தை மட்டும் பார்த்தால் அதை எதுவும் நெருங்காது. கம்பி பிரஷ் நுழையாத துருக்குழிக்குள்ளும் அது போகும். ஆனால் எங்களுக்கு அந்த வேலைக்குக் கோவை வரை இறங்க வேண்டும். முதல் தடவை பின் பாடிச் சட்டங்களைக் கழற்றிக் கொண்டுபோய் வெள்ளை வெளேரென்று வாங்கி, திறந்த வண்டியில் போட்டு ஏற்றினேன். பாதி வழியில் பனிமூட்டம். காலையில் எழுந்து பார்த்தால் சட்டம் முழுக்க ஆரஞ்சுப் பொடி. பிளாஸ்டிங் செய்த இரும்பு சொரசொரப்பாக இருக்கும். காற்றும் ஈரமும் படுகிற பரப்பு அதிகம் என்பதால் மற்ற இரும்பைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டாவது தடவை, வேலை முடிந்த கையோடு அங்கேயே எபாக்ஸி பிரைமர் (இரண்டு பொருளைக் கலந்து இறுக வைக்கும் பிசின் பூச்சு) அடித்து, காய்ந்த பிறகுதான் எடுத்து வந்தேன். அந்தச் சட்டங்களில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை. கதவு, பானட் மாதிரி மெல்லிய தகரத்தை மட்டும் இதற்குக் கொடுக்கத் தயங்குவேன். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் நெளிந்துவிடும். கம்ப்ரஸர் இருக்கிறதே என்று ஆற்று மணலை வைத்து வீட்டில் முயற்சி செய்யவே செய்யாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரவைக்கும். அதைத் திருப்ப மருந்து கிடையாது.

கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) மாட்டித் தேய்ப்பது மெதுவான வேலை. ஆனால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், மலைக்கு அதுதான் பெரிய வசதி. காலையில் ஒரு கதவு, மதியத்துக்குள் பிரைமர், மறுநாள் அடுத்த கதவு. வானம் இருண்டால் அன்றைக்குத் தொடவே வேண்டாம். குறை ஒன்று உண்டு. குழிக்குள் இருக்கும் துருவை பிரஷ் எடுக்காது, மேலே பளபளப்பாக்கி மூடிவிடும். பார்க்கச் சுத்தமாகத் தெரியும், ஆறு மாதத்தில் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள், பிரஷ் கம்பி பிய்த்துக்கொண்டு பறக்கும்.

அந்தக் குழிகளுக்குத்தான் பாஸ்பாரிக் அமிலம். கடைகளில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்பதில் பலவற்றில் இதுதான் இருக்கும். துருவைக் கறுப்பான இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானின் கலந்த வகையும் உண்டு. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்பு மை செய்தார்களே, அதே வினைதான். ஆனால் உதிர்கிற துருவின் மேல் அமிலத்தைப் பூசிப் பயனில்லை. தேய்த்து எடுத்தபின் மிச்சமிருப்பதற்கு மட்டும்தான் அது. இன்னொன்று, அமில மிச்சத்தின் மேல் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. அதனால் நான் இரண்டு பாதையையும் கலப்பதில்லை. பிளாஸ்டிங் என்றால் எபாக்ஸி. கிரைண்டரும் அமிலமும் என்றால் ரெட் ஆக்சைடு என்ற செந்நிற பிரைமர், அதன்மேல் தாமதிக்காமல் எனாமல் பெயிண்ட். ரெட் ஆக்சைடோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளை ஊரெல்லாம் பார்க்கிறேன். அது தனியாக நின்றால் ஈரத்தை உள்ளே விட்டுவிடும்.

கீல், கொண்டி, பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு இதெல்லாம் வேண்டாம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜர் போதும். துருச்சாமானை நெகட்டிவிலும் பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவிலும் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் துரு கழன்று வரும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த இடத்தில் வையுங்கள். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டக் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும்.

நேரம் பார்ப்பது எந்த வழிக்கும் பொது. கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிய மழை. நான் பிப்ரவரி, மார்ச்சில்தான் பிரைமர் அடிக்கிறேன், அதுவும் பதினொரு மணிக்கு மேல். தகரத்தின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பொதுவான கணக்கு. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போனால் எபாக்ஸி இறுகுவது ஏறக்குறைய நின்றேவிடும்.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசுவதா, வெட்டிப் புதுத் தகரம் வைப்பதா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்பக்கத் துரு அப்படியே வளரும். எட்டு வருசம் தாண்டிய சரக்கு வண்டியை ஒவ்வொரு வருசமும் எஃப்.சி.க்கு (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு) காட்ட வேண்டும். அந்த நேரத்தில் பட்டி பெயர்ந்தால் செலவு இரண்டு மடங்கு. எங்கள் டிங்கர் அண்ணன் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வருவார். "தம்பி, கண்ணால பாக்காத, சத்தத்தக் கேளு" என்பார். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், அரித்தது மந்தமாக. கணீர் கேட்கும் இடம்வரை வெட்டினார். மெல்லிய தகரத்தை ஆர்க் வெல்டிங் பொத்தல் போட்டுவிடும், கேஸ் வெல்டிங் சூட்டில் நெளிக்கும். மெல்லிய கம்பியைத் தானாக ஊட்டும் மிக் வெல்டிங்கில் விட்டுவிட்டுப் புள்ளி வைத்துத்தான் பிடித்தார்.

கதவு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மூன்றும் சேற்றால் அடைத்திருந்தன. துரு தொடங்கியதே அங்கேதான். இப்போது மூட்டை இறக்கியதும் பின் பாடியைக் கழுவி, அந்தத் துளைகளில் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுகிறேன்.