டைட்டான பவர் கேபிள்: அழுத்துவதா, நீட்டுவதா, மாற்றுவதா?

முதல் தடவை டெஸ்க்டாப் அசெம்பிள் செய்பவர் “பவர் கேபிள் டைட்டா இருக்கு” என்று சொன்னால் எந்த டைட் என்று முதலில் கேட்க வேண்டும். பிளக் சாக்கெட்டுக்குள் இறங்க மறுக்கிறதா, அல்லது கேபிளின் நீளம் பத்தாமல் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறதா? முன்னதற்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் தேவை. பின்னதில் அழுத்தினால் மதர்போர்டில் இருக்கும் சாக்கெட்டின் ஈயப்பற்று விட்டுப்போகும். மலையில் இருப்பவர் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஊட்டியில் இருந்து கோயம்புத்தூர் சுமார் 85 கிலோமீட்டர். கொடைக்கானல்காரர் வத்தலக்குண்டு தாண்டி மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்க வேண்டும். ஒரு கேபிளுக்காக ஒரு நாள் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வழி மேல் என்று பார்ப்போம்.

வெளியிலா, கேபினெட்டுக்குள்ளா?

மதர்போர்டைத் திருகி முடித்துவிட்டு அப்புறம் கேபிள் மாட்டுவதுதான் வழக்கம். இதில் இரண்டு இடம் படுத்தும். ஒன்று, இடது மேல் மூலையில் சிபியுவுக்கு மின்சாரம் தரும் 8 பின் பிளக். மேலே ஃபேன், பக்கத்தில் சூடு தணிக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க், நடுவே இரண்டு விரல் நுழையத்தான் இடம். இன்னொன்று வலது ஓரத்தில் போர்டுக்கே மின்சாரம் தரும் 24 பின் பிளக். ஏடிஎக்ஸ் எனும் பொது அளவில் வரும் முழு போர்டின் அகலம் 24.4 சென்டிமீட்டர். விலை குறைந்த பல போர்டுகள் அதைவிட ஒடுக்கமாக வருகின்றன. அவற்றில் வலது வரிசைத் திருகுத் துளைகளே இருக்காது. 24 பின்னை அழுத்தும்போது அந்த ஓரம் அந்தரத்தில் நின்று வளையும்.

எதிர் வழி, போர்டை அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து வெளியிலேயே பிளக்கை மாட்டிவிடுவது. எல்லாக் கேபிளும் தனியாகக் கழன்று வரும் ஃபுல் மாடுலர் பவர் சப்ளை என்றால் இது அருமையாகச் செல்லும். கேபிளின் போர்டு முனையை மேசையிலேயே ‘டக்’ என்று பூட்டிவிட்டு, மறுமுனையைக் கேபினெட்டின் மூலைத் துளை வழியே பின்பக்கம் விட்டபடி போர்டை இறக்க வேண்டும். பவர் சப்ளையில் மாட்ட வேண்டிய முனைகளை அதைக் கேபினெட்டுக்குள் முழுதாகத் தள்ளுவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். உள்ளே போனபின் ஹார்ட் டிஸ்க் கூடு மறைத்துவிடும்.

நான்-மாடுலரில் கேபிள் பவர் சப்ளையோடு பிறந்தது, மறுமுனை கிடையாது. அப்போது நடுவழி: போர்டை வைப்பதற்கு முன்பே சிபியு கேபிளை மூலைத் துளை வழியாக மேலே இழுத்துத் தொங்கவிடுவது. போர்டு உட்கார்ந்தபின் அந்தத் துளை பாதி மூடிக்கொள்ளும். போர்டை வைத்து, மேல் ஃபேன், பெரிய கூலர் எதையும் மாட்டுவதற்கு முன் பிளக்கைப் பூட்டுங்கள். 24 பின்னைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான்கு விரலைப் போர்டின் ஓரத்துக்கு அடியில் கொடுத்து, கட்டை விரலால் பிளக்கை அழுத்தினால் வளையாது. கை நுழையவில்லை என்றால் நுரைத் துண்டை அடியில் சொருகி, வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

24 பின் இறுக்கமாக இருப்பது இயல்பு. இருபத்து நான்கு பின்களும் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. ஒரு முனையை அழுத்தி, பிறகு மறுமுனை என்று மெல்ல அசைத்து இறக்கலாம். 20+4 என்று பிரியும் பிளக்கானால் நாலு பின் துண்டைப் பெரியதோடு சேர்த்துப் பிடித்து ஒன்றாக இறக்க வேண்டும். தனித்தனியாக இறக்கப் போனால் துண்டு வழுக்கிச் சாய்ந்து நிற்கும். கொக்கி சாக்கெட்டின் விளிம்பில் விழுந்ததைக் கண்ணால் பாருங்கள். காதை மட்டும் நம்ப வேண்டாம். பிளையர் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அது சரியான பிளக்தானா என்று பாருங்கள். சிபியு 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டு 8 பின்னும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே வேறு. சிபியு பிளக்கில் நாலு மஞ்சள் 12 வோல்ட் கம்பி, நாலு கருப்பு கிரவுண்ட் கம்பி. கார்டு பிளக்கில் மூன்று மஞ்சள், ஐந்து கருப்பு. பின்களைச் சுற்றி உள்ள பிளாஸ்டிக்கின் சதுர, வளைவு வடிவம் மாறியிருப்பது தப்பாக நுழையாமல் இருக்கத்தான். அதை மீறி நுழைத்தால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் மோதி ஷார்ட் ஆகும். இப்போது எல்லாக் கம்பியும் கருப்பாக வருவதால் நிறம் உதவாது. பிளக்கில் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். பிரிவையும் பாருங்கள்: 4+4 என்று பிரிந்தால் சிபியு, 6+2 என்றால் கார்டு.

குளிர்

சமவெளி யூடியூப் வீடியோவில் இது வராது. டிசம்பர், ஜனவரிக் காலையில் ஊட்டியில் உறைபனி விழும்போது கேபிளின் பிவிசி உறை விறைத்துக் கம்பி போல நிற்கும். பெட்டிக்குள் மடித்த மடிப்பு அப்படியே இருக்கும். நீளம் போதுமான கேபிள்கூட எட்டாத மாதிரித் தோன்றுவது இதனால்தான். கணப்பு பக்கத்தில் வைத்து இளக்கலாமா? வேண்டாம், அங்கே சூடு ஒரே சீராக இருக்காது, உறை உருகும். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வெந்நீர்ப் பையோடு கால் மணி நேரம் வைப்பது பாதுகாப்பானது. மத்தியான வெயிலில் ஜன்னலோரம் வைத்தாலும் போதும். இளகியதும் கையால் நீவி மடிப்பை எடுத்துவிடுங்கள்.

குளிரில் இருந்து வந்த பார்சலை அடுப்படி சூட்டில் உடனே பிரித்தால் உலோகத்தில் நீர் வியர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியபடி விடலாம். வறண்ட பனிக்காலத்தில் கம்பளி ஸ்வெட்டரில் பொறி பறக்கும். அதைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு போர்டில் கை வையுங்கள். பிளக்கைச் சொருகி, பவர் சப்ளையின் ஸ்விட்சை அணைத்துவைத்து எர்த் எடுப்பது நல்ல வழிதான். ஆனால் பழைய எஸ்டேட் லைன் வீடுகளில் எர்த்தே இல்லாத பாயிண்ட் இருக்கலாம். முதலில் எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டவே இல்லை என்றால்

பவர் சப்ளை கீழே உட்காரும் நடுத்தர டவரில், போர்டைத் திருகும் தட்டின் பின்னால் சுற்றி மூலைத் துளை வழியே வர சிபியு கேபிளுக்குச் சுமார் 60 முதல் 65 சென்டிமீட்டர் வேண்டும். மலிவான பவர் சப்ளைகளில் 50, 55 என்றுதான் வரும். வாங்கும் முன்பே கேபினெட்டில் ஒரு நூலை ஓட்டி அளந்து, 5 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டு, பவர் சப்ளையின் விவரக்குறிப்பில் இருக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

வாங்கியாகிவிட்டது, குட்டையாக இருக்கிறது என்றால் செலவில்லாத வழி முதலில். பின்னால் சுற்றாமல் போர்டின் மேலேயே குறுக்காக ஓட்டுவது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் ஃபேன் இறக்கையில் படாமல் கட்டிவிட்டால் வேலை செய்யும். காற்றோட்டம் கெடுமே என்ற கவலை மிகை. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் ஊட்டியின் அறைக் குளிர் அதை ஈடுகட்டிவிடும்.

அடுத்தது, கேபிளின் முனையில் மாட்டி நீளம் கூட்டும் எக்ஸ்டென்ஷன். 30 சென்டிமீட்டர், 18 கேஜ் தடிமன் கம்பி, 4+4 முனை. போர்டு பக்கத்துப் பின் வரிசை எல்லா பிராண்டுக்கும் பொது என்பதால் எந்த பிராண்ட் எக்ஸ்டென்ஷனும் பொருந்தும். குறை, நடுவில் ஒரு இணைப்பு கூடுவது. அந்த இணைப்பு தட்டின் பின்னால் தளர்வாக, இழுபடாமல் இருக்க வேண்டும். கொக்கி சரியாக விழவில்லை என்றால் அங்கேதான் சூடாகும்.

மாடுலர் வைத்திருப்பவருக்கு மூன்றாவதாக ஒரு ஆசை வரும்: நண்பரின் வேறு பிராண்ட் பவர் சப்ளையில் இருந்து நீளக் கேபிளை எடுத்து மாட்டுவது. இதை மட்டும் செய்யவே கூடாது. பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி இல்லை. ஒரே பிராண்டின் இரண்டு மாடலிலேயே மாறும். பிளக் சுகமாக நுழையும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி கருகும். உங்கள் மாடலுக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் நீளக் கேபிள் கிடைத்தால் எக்ஸ்டென்ஷனைவிட அது மேல். ஆனால் மலைக்கு வந்து சேரக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷனே போதும் என்பதுதான் எங்கள் தீர்ப்பு.

போர்டில் 8+4 என்று இரண்டு சிபியு சாக்கெட் இருந்து, கேபிள் ஒன்றுதான் எட்டுகிறதா? 8 பின் ஒன்றே 200 வாட்டுக்கு மேல் தாங்கும். சாதாரண சிப்புக்கு அந்த 4 பின் காலியாக இருந்தாலும் குறையில்லை.

கார்டுக்கு

கார்டின் பழைய 8 பின் 150 வாட்டுக்கானது. மூன்று 12 வோல்ட் பின், பின்னுக்கு நாலு ஆம்பியர் சொச்சம். பிளக் கொஞ்சம் முன்னே பின்னே உட்கார்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 2022இல் வந்த 16 பின் அப்படியல்ல. 600 வாட்டை ஆறு பின் சுமக்கும்போது ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர் ஓடுகிறது. கால்வாசி வெளியே நின்றாலும் தொடும் பரப்பு குறைந்து, அங்கே சூடேறி பிளாஸ்டிக் உருகும். அதைத் திருத்திப் பின்னால் வந்த 12வி-2×6 வடிவத்தில், பிளக் மாட்டியிருக்கிறதா என்று கார்டுக்குக் காட்டும் சின்ன உணர்வுப் பின்களைக் குட்டையாக்கினார்கள். சரியாகச் சொருகாவிட்டால் கார்டு முழு மின்சாரம் இழுக்காது. ஆனாலும் பிளக்கில் இருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்கக் கூடாது. கண்ணாடிக் கதவை அழுத்தி மூட வேண்டிய நிலை வந்தால் அந்தக் கேபினெட் அந்தக் கார்டுக்கு ஒடுக்கம் என்று அர்த்தம். கார்டின் பெட்டியில் வரும் அடாப்டரைவிட, பவர் சப்ளையில் இருந்து நேராக வரும் ஒற்றைக் கேபிள் வளைய எளிது. முதல் கம்ப்யூட்டருக்கு 8 பின் கார்டாகவே தேடினால் இந்தத் தலைவலியே இல்லை.

டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிள் டைட்டாக இருந்தால் கதை சின்னது. டிஸ்க்கை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ‘எல்’ வடிவ நாக்கு பக்கவாட்டில் இழுபட்டால் உடைந்துவிடும்.

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றி, திரை வரவில்லை என்றால் சிபியு பிளக்கைப் பாருங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் 24 பின்னும், பின்பக்க ஸ்விட்சும். கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்தி, கொக்கியை அழுத்தி, பிளக்கின் உடலைப் பிடித்து ஆட்டி எடுங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் பின் பின்னோக்கி நழுவும். மறுபடி மாட்டும்போது அது மட்டும் தொடாமல் நிற்கும், வெளியே இருந்து பார்த்தால் பிளக் முழுதாக இறங்கியது போலவே தெரியும்.