அப்பப்பாவின் பேர்மிட்டைத் தேடி கிளிநொச்சியில் பதினொரு நாள்

காணிக் கிளையில் இருந்த அந்தப் பிள்ளை பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணா, உங்கட அப்பப்பாவின்ர பேரை அவற்ற தகப்பன்ர பேரோட சொல்லுங்கோ" என்று கேட்டபோது நான் வாயடைத்து நின்றேன். அப்பப்பாவைப் பற்றி ஐம்பது கதை சொல்வேன். அவருடைய தகப்பனின் பேர் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மாமிதான், அப்பாவின் சகோதரி, சொன்னா. பிள்ளை விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போய், நாலாவது பக்கத்தில் நிறுத்தினா. மங்கிய நீல மையில், சாய்ந்த ஆங்கில எழுத்தில், அப்பப்பா இருந்தார்.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவர் காடு வெட்டிய மனிசன். அப்பா சொல்லுற கதை இதுதான். 1953 இல் கொடிகாமத்தில் ரெயில் ஏறினார். கையில் ஒரு கோடாலி, ஒரு காட்டுக்கத்தி, அரைச் சாக்கு ஒடியல். ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சியில் இறங்கி, தனி ஆளாக முதிரையையும் வீரையையும் சாய்த்தார். இரவில் மரத்தில் பரண் கட்டிப் படுத்தார். கரடி ஒன்று பரணுக்குக் கீழே வந்து நின்றபோது எரிகிற கொள்ளியை எறிந்து கலைத்தார். ஒரேயொரு பாலை மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, அதன் அடியில் கல் வைத்து வைரவருக்குப் பொங்கினார். அந்த வைரவர் பொங்கலுக்கு ஒவ்வொரு வருசமும் கனடாவில் இருந்து காசு போகும்.

போன வருசம் என் மகள் பள்ளிக்கூட வேலைக்காக இந்தக் கதையை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "தனி ஆளா அஞ்சு ஏக்கர் எப்பிடி அப்பா வெட்டுறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அதோடு, அரசாங்கம் அப்பப்பாவுக்குப் பேர்மிட்டில் (அரச காணியில் செய்கை பண்ணத் தரும் அனுமதிப் பத்திரம்) கொடுத்த அந்தக் காணியை மாமியின் பேருக்கு மாற்றுகிற சிக்கலும் ஆறு வருசமாக இழுபட்டுக்கொண்டு இருந்தது. இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்த ஆவணியில் போனேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழும்புக் கோட்டையில் இருந்து ரெயிலில் போனோம். 1990 இல் நின்ற சேவை 2013 இல்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. இருக்கை முற்பதிவு செய்துவிட்டால் குடும்பத்தோடு போக அதுதான் சுகம். நிலையத்தில் ஓட்டோக்காரர் கேட்ட காசு நியாயமாகவே இருந்தது.

முதலில் போன அலுவலகத்தின் பேரை எழுத மாட்டேன். மூன்று நாள் அலைந்தோம். ஒரு நாள் உரிய ஆள் லீவு, மறுநாள் கூட்டம், மூன்றாம் நாள் "அந்த பைல் இஞ்ச இல்லை". வாசலில் ஒருவர் வந்து, இருபதாயிரம் ரூபா தந்தால் பேர்மிட்டின் கொப்பி எடுத்துத் தருவேன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தா. நான் மூன்று நாளில் களைத்துப்போனேன். அவ ஆறு வருசமாக பஸ் ஏறி அந்த வாசலுக்கு வந்திருக்கிறா.

வழி காட்டியது எங்கள் ஜீஎஸ், அதாவது கிராம சேவகர். அவர் காலையில் ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்து, முற்றத்துக் கதிரையில் இருந்து விசயத்தை விளங்கப்படுத்தினார். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முந்திய கோவைகள் யாழ்ப்பாணக் கச்சேரியோடு (மாவட்டச் செயலகம்) சம்பந்தப்பட்டவை. யுத்தத்தில் எரிந்ததும் தொலைந்ததும் நிறைய. பேர்மிட்டைத் தொலைத்தவர்களுக்காக 2013 இல் ஒரு காணிச் சுற்றறிக்கை வந்தது, சித்தப்பா அப்போதே படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். அந்தப் படிவத்தின் இலக்கத்தோடு காணிக் கிளைக்குப் போகச் சொன்னார். போனோம். அரை மணித்தியாலத்தில் பேரேடு மேசைக்கு வந்தது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் ஜீஎஸ்ஸைப் பாருங்கள். முன்னோரின் பேர் பேர்மிட்டில் எப்படி எழுதியிருக்குமோ அப்படி, தகப்பன் பேரோடு கொண்டுபோங்கள். காணித்துண்டு இலக்கம் தெரியாவிட்டால் வாய்க்கால் இலக்கமாவது வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பேரேட்டில் இருந்தது வயல் மூன்று ஏக்கர், மேட்டுக்காணி இரண்டு ஏக்கர். தென்மராட்சியில் அப்பப்பாவின் வீட்டாருக்கு இருந்தது நாலு பரப்புத் தோட்டம், பிள்ளைகள் ஐந்து பேர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். சகோதரிகளின் சீதனம் போக அவருக்கு மிஞ்சியது கிணற்றில் பங்கு மட்டும். அவரிடம் போய் எண்பது பரப்பு தருகிறோம் என்றால் கரடிக்கா பயப்படுவார்?

டி.எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்த காலத்தில், 1935 இல் வந்தது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்து நெருக்கத்துக்கும் வேலையில்லாப் பிரச்சினைக்கும் வழியாகக் கிளிநொச்சிக் குடியேற்றம் அதை ஒட்டியே தொடங்கியது. தண்ணீர் அதற்கு முன்பே இருந்தது. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குளத்து வேலை 1920 இல் முடிந்திருந்தது. ஆட்கள்தான் வரப் பயந்தார்கள். காரணம் மலேரியா. நாற்பதுகளின் பின்பாதியில் டி.டி.டி. நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகே காய்ச்சல் குறைந்தது. அப்பப்பா வந்தது அதற்குப் பிறகு. எங்கள் வீட்டுக் கதையில் கரடி இருக்கிறது, டி.டி.டி. அடித்துக்கொண்டு காடு காடாகத் திரிந்த அந்த மனிசர் இல்லை.

பேரேட்டின் குறிப்புப் பத்தியில் இன்னொன்றும் இருந்தது. வயற்காணியின் பெருமரங்களைக் கொந்தராத்துக்காரர் தறித்திருக்கிறார்கள். அடிக்கட்டை பிடுங்கவும் வரம்பு கட்டவும் அப்பப்பாவுக்கு உதவிப்பணம் கொடுபட்டிருக்கிறது. மேட்டுக்காணியில் ஒரு ஏக்கர் 1976 வரை "காடு" என்றே பதிவு. மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. மற்றப் பாதி வாய்க்கால் கரையில் இருந்தது.

மாமியின் விண்ணப்பத்துக்கு, காணியை யார் செய்து வருகிறார்கள் என்று அயலவர் உறுதிப்படுத்த வேண்டும். அதற்காக ஆச்சி ஒருவரிடம் போனோம். மலையகத்தில் இருந்து 1977 கலவரத்தோடு வந்த குடும்பம். எங்கள் வயலில் புருசனும் மனைவியுமாக முப்பது வருசம் வேலை செய்தவர்கள். ஆச்சி பாலைப்பழம் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தா. இரண்டு வாயில் போட்டதும் பால் பிடித்து உதடு ஒட்டிக்கொண்டது. நான் வைரவர் கதையைச் சொன்னேன்.

"அது வைரவரு இல்ல தம்பி, முனியாண்டி" என்றா. "மேட்டுக்காட்ட வெட்டினது எங்க வீட்டுக்காரரும் என் தம்பியும். அந்தப் பாலையவும் வெட்டத்தான் சொன்னாரு பெரியய்யா, ஒங்க தாத்தா. இவருதான் வேணாம்னுட்டு, தோட்டத்துல கும்புட்ட மாதிரி கல்லு வச்சாரு. பெறகு பெரியய்யாவும் வந்து கும்புட்டாரு."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓம், சின்னனில நாங்களும் முனியெண்டுதான் சொல்லுறனாங்கள்" என்றா. எப்போது அது வைரவர் ஆனது என்று அவவுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆச்சியின் புருசன் 2009 இல், யுத்தத்தின் இறுதியில், மாத்தளனில் இறந்துபோனார். அந்தக் கல் இன்னும் இருக்கிறது.

மாமியின் விசயம் நல்லபடி நகர்ந்திருக்கிறது. அப்பப்பா பின்னுரித்தாளராக (தனக்குப் பிறகு காணியைப் பெறுபவராக) எழுதியது பெரியப்பாவை, அவர் உயிரோடு இல்லை. அப்படியான இடத்தில் மகன்மாரை முன்னுக்கு வைத்து, மகள்மாரைப் பின்னுக்குத் தள்ளித்தான் பழைய சட்டத்தின் ஒழுங்கு இருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்த ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்துவிட்டது. இதை யாரும் மாமிக்குச் சொல்லியிருக்கவில்லை. காணிக் கிளைப் பிள்ளைதான் தாளில் எழுதி விளங்கப்படுத்தினா. நாங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் மாமிக்குச் சம்மதம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தக் கையெழுத்துத்தான். இழுத்தடிக்காதீர்கள்.

ஆச்சியின் வீடு வாய்க்காலுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குள் நிற்கிறது. அதற்குப் பேர்மிட் இல்லை. நாற்பது வருசத்துக்கு மேல் அங்கே இருக்கிறா, ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறா. அவவின் ஆட்கள் வெட்டிய மேட்டுக்காணியில் கால் ஏக்கர் கொடுக்க மாமிக்கு விருப்பம். ஆனால் பேர்மிட் காணியை நினைத்தபடி துண்டு போட முடியாது, அனுமதி வேண்டும். அதிகாரிகள் ஊருக்கே வருகிற அடுத்த நடமாடும் சேவையில் அதைக் கேட்கலாம் என்று ஜீஎஸ் சொன்னார். மாமியின் மகன் விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறான்.

உறுதிப்படுத்தும் தாளில் பெருவிரல் வைக்கவோ என்று ஆச்சியைக் கேட்டார்கள். எழுதத் தெரியும் என்று சொல்லிவிட்டு, பேனையை வாங்கி மெதுவாகத் தன் பேரை எழுதினா.

அன்றிரவு மகளுக்குப் போன் எடுத்து, காடு வெட்டியது யார் யார் என்று சொன்னேன். கல் வைத்தவரின் பேர் என்ன என்று கேட்டாள். நான் கேட்காமல் வந்திருந்தேன். விடியப் போய் ஆச்சியிடம் கேட்டு, தகப்பன் பேரோடு எழுதிக்கொண்டு வந்தேன்.